சேவுகம்பட்டி லைன்

திண்டுக்கல்லில் ஒரு இன்டர்நெட் கம்பெனியில் எனக்கு வேலை. கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இரண்டு அறைகள். ஒன்றில் முதலாளி உட்கார்ந்திருப்பார். இன்னொன்றில் மெஷின்கள், ஏசி, நான். ஏசி போட்டிருப்பது மெஷின்களுக்காக. சித்திரை வெயிலிலும் நான் சால்வை போர்த்திக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பேன். என்ன வேலை என்று கேட்கிறவர்களிடம் "கம்ப்யூட்டர்ல" என்பேன். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை, நல்லதாகப் போயிற்று.

எங்கள் ஒயர் சின்னாளப்பட்டி, ஆத்தூர், ரெட்டியார்சத்திரம் என்று ஊர் ஊராகப் போய், அந்தப் பக்கம் வத்தலக்குண்டு தாண்டி சேவுகம்பட்டி வரை இழுபட்டிருக்கிறது. எந்த வீட்டுக்கு நெட் ஓடுகிறது, எந்த வீட்டில் நின்றுவிட்டது என்று திரையில் பார்த்துக்கொண்டே இருப்பது என் பாடு.

எப்படித் தெரியும் என்றால், ஒவ்வொரு வீட்டிலும் ஒயர் வந்து சேருகிற ரூட்டர் டப்பாவுக்குள் ஓர் எண் இருக்கிறது. அந்த வழியாக இதுவரை எவ்வளவு ஓடியது என்பதன் மொத்தம். அது ஏறிக்கொண்டே போகும். எங்கள் கண்காணிப்பு சாஃப்ட்வேர் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வீடு வீடாகப் போய் "இப்ப எவ்வளவு?" என்று கேட்கும். முன்பு சொன்னதை இப்போது சொன்னதிலிருந்து கழித்தால் நடுவில் ஓடியது வந்துவிடும். அதை ஒரு கோடாக வரைந்து காட்டும். கரண்ட் கணக்கெடுக்க வருகிறவர் செய்கிற அதே கழித்தல்தான். வேறு மாயம் ஒன்றும் இல்லை.

கரண்ட் போனால்தான் தகராறு. ரூட்டர் அணைந்து எழுந்தால் அந்த எண் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும். சாஃப்ட்வேர் போய்க் கேட்டால் முன்பைவிடச் சின்ன எண்ணைச் சொல்லும். ஏறத்தான் தெரியும் என்றிருந்த எண் எப்படி இறங்கியது? நாங்கள் முதலில் வைத்திருந்த பழைய சாஃப்ட்வேருக்கு அதற்கு ஒரே விளக்கம்தான் தெரியும். பழைய ஸ்கூட்டர் மீட்டரில் எல்லா ஒன்பதும் வந்ததும் எல்லாம் பூஜ்யமாகத் திரும்புமே, அதுமாதிரி இந்த எண்ணுக்கும் நானூறு கோடிக்கு மேல் ஓரிடத்தில் ஒரு எல்லை உண்டு. அந்த எல்லை வரை ஓடி, சுற்றித் திரும்பி வந்திருக்கிறது என்று அது முடிவு கட்டிவிடும். வீட்டில் யாரோ பிளக்கைப் பிடுங்கியிருக்கலாம் என்று அதற்குத் தோன்றாது. எல்லை வரை மிச்சமிருந்த அத்தனை கோடியையும் ஓர் ஐந்து நிமிஷத்தில் கொட்டிக் கவிழ்த்ததாகக் கணக்குப் போட்டு, திரையில் ஒரு மலையை வரைந்து வைக்கும்.

முதலாளிக்கு அந்த மலைகளைக் கண்டாலே ஆகாது. "எவனோ நம்ம லைன்ல இருந்து திருடி விக்கிறான்" என்று கத்திக்கொண்டு வருவார். "இல்ல சார், கரண்ட் போயி வந்துருக்கு" என்று நான் சொல்ல வேண்டும். போலி மலைகளைத் தேடி அழிப்பதும் என் வேலையில் சேர்ந்துவிட்டது. காலையில் வந்ததும் முதல் காரியம் அதுதான்.

அப்படி அழித்துக்கொண்டிருந்தபோதுதான் சேவுகம்பட்டியில் ஒரு லைன் கண்ணில் பட்டது. மற்ற வீடுகளில் என்றைக்கோ ஒரு நாள் மலை வரும். இந்த லைனில் தினமும் வந்தது. விடிகிற நேரத்தில், ஒரு நாள் தவறாமல். மெஷின் கெட்டுவிட்டதோ என்று யாருடைய லைன் என்று திறந்து பார்த்தேன். என் அப்பாவின் பெயர் இருந்தது.

அவர் நெட் வாங்கியதே எனக்குத் தெரியாது. தெரிந்திருக்க வழியும் இல்லை. நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

அது பெரிய கதை, சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். என்னைக் கரூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். அந்த வீட்டில் நடந்ததை எழுத எனக்கு இஷ்டமில்லை. ஒரு நாள் ஒரு பையை எடுத்துக்கொண்டு சேவுகம்பட்டிக்கு வந்து நின்றேன். அம்மா அப்போதே இல்லை. அப்பா மல்லிகைத் தோட்டத்திலிருந்து வந்தவர் என்னைப் பார்த்தார், பையைப் பார்த்தார். "வாழப் போன எடத்துக்கே போ. இந்த வாசல்ல கால் வைக்காத" என்றார். நான் வைக்கவில்லை. தண்ணீர்கூடக் குடிக்காமல் அடுத்த பஸ்ஸில் ஏறித் திண்டுக்கல் வந்து, ஒரு அறை எடுத்து, இந்த வேலையில் சேர்ந்தேன். அவரும் கூப்பிடவில்லை, நானும் போகவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே கோபம், அவரிடமிருந்துதான் எனக்கு வந்தது. அவருக்கு வேறு பிள்ளைகள் இல்லை. எனக்கும் அப்பாவை விட்டால் ஆள் இல்லை. அப்படியிருந்தும் வருஷங்கள் போயின.

அந்த மலை ஏன் தினமும் வருகிறது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. நான் சின்னவளாக இருந்தபோது எங்கள் கிணற்று மோட்டார் ராத்திரியில் கரண்ட் ஏறி இறங்கி எரிந்துபோனது. செம்புக் கம்பிக் காயிலைப் புதிதாகக் கட்டி மாட்டிய அடுத்த வருஷமே மறுபடி எரிந்தது. அன்றிலிருந்து அப்பா ராத்திரி கரண்டை நம்புவதில்லை. படுக்கப் போகும் முன் டிவி, மிக்ஸி, செல்போன் சார்ஜர், எதையும் விடாமல் வீட்டிலுள்ள அத்தனை பிளக்கையும் கையால் பிடுங்கிப் போட்டுவிடுவார். சுவிட்சை அணைத்தால் போதாது அவருக்கு. பிடுங்க வேண்டும். எங்கள் பக்கத்து விவசாயிகள் பலரிடம் இந்தப் பழக்கம் உண்டு, அப்பாவுக்குக் கொஞ்சம் கூடுதல். ரூட்டரும் அவருக்கு இன்னொரு மிக்ஸி. ராத்திரி பிடுங்குகிறார், விடியக்காலம் எழுந்ததும் சொருகுகிறார். எண் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கிறது. சாஃப்ட்வேர் பதறிப்போய் மலை வரைகிறது.

அந்த மலையை மட்டும் நான் அழிக்கவில்லை.

காலையில் ஆபீஸுக்கு வந்து சால்வையைப் போர்த்தியதும் முதலில் சேவுகம்பட்டி லைனைத் திறப்பேன். மலை இருக்கும். சரி, எழுந்துவிட்டார். அவ்வளவுதான், மூடிவிட்டு வேலையைப் பார்ப்பேன். சில நாள் மலை கொஞ்சம் தாமதித்து வரும். உடம்புக்கு முடியவில்லையோ என்று யோசிப்பேன். மல்லிகைச் சீசனில் சீக்கிரமே வந்துவிடும், பூப்பறிக்க ஆள் வருவார்கள். ஒரு மனுஷன் என்னோடு பேசாமலே தினமும் "இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. எனக்கு அது போதும் என்றுதான் அப்போது நினைத்தேன். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

கோட்டைப் பார்த்தால் அவர் என்ன செய்கிறார் என்று தெரியாதா என்று கேட்கலாம். தெரியாது. அந்தப் பக்கத்து வீடுகளுக்குப் போய்வரும் எங்கள் லைன்மேன் அண்ணன் சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. பின் வீட்டுப் பிள்ளைகள் அப்பாவிடம் பாஸ்வேர்டு வாங்கி வைத்திருக்கின்றன. ஓடுவதெல்லாம் அவர்கள் பார்க்கும் பொம்மைப் படமும் விளையாட்டும்தான். அப்பா போனில் பூ விலையும் செய்தியும் பார்ப்பது அதில் கடுகளவுகூட இல்லை. ஆகவே ஓடுகிற எண் அப்பாவைப் பற்றி ஒன்றும் சொல்லாது. பிளக்கைச் சொருகுகிற கை மட்டும்தான் அவருடையது.

லைன்மேன் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நிலக்கோட்டைக்காரர், நல்ல மனுஷன், வாய் மட்டும் நிற்காது. நான் அடிக்கடி அந்த ஒரு லைனைப் பற்றியே விசாரிப்பதைப் பார்த்து, முகவரியையும் என் இனிஷியலையும் சேர்த்துப் பார்த்து, தானே கண்டுபிடித்துவிட்டார். "ஏம்மா, பெத்த தகப்பன்தான? ஒரு எட்டு போயிட்டு வந்தா என்ன?" என்று ஒரு தடவை கேட்டார். "உங்க வேலையப் பாருங்கண்ணே" என்றேன். சிரித்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கொஞ்ச காலம் கழித்து முதலாளி புது சாஃப்ட்வேர் போட்டார். அது கெட்டிக்காரத்தனமானது. எண் இறங்கியிருந்தால் சுற்றித் திரும்பியது என்று பதறாது. ரூட்டர் அணைந்து எழுந்திருக்கிறது என்று புரிந்துகொண்டு, பூஜ்யத்திலிருந்து ஏறியதை மட்டும் எடுத்து, முன்னதோடு சேர்த்து, நடுவில் இருந்த இடைவெளியையும் மூடிக்கொண்டு போய்விடும். கடைசியாகக் கேட்டதற்கும் அணைத்ததற்கும் நடுவில் ஓடிய கொஞ்சம் மட்டும் யார் கணக்கிலும் வராது. போனது போனதுதான். அதைப் பற்றி அது வருத்தப்படுவதும் இல்லை. முதலாளி என் தோள் வழியாக எட்டிப் பார்த்து, "பாத்தியா, ஒரு மலை இருக்கா?" என்றார். இல்லை. திண்டுக்கல் மாவட்டம் முழுவதும் சமவெளியாகிவிட்டது. சேவுகம்பட்டியும்.

அன்றைக்கு எனக்கு வேலை ஓடவில்லை. பிறகு தேடிப் பார்த்ததில் ஒரு வழி கிடைத்தது. ரூட்டரிடம் இன்னொரு கேள்வி கேட்கலாம்: நீ எழுந்து எவ்வளவு நேரம் ஆகிறது? அதற்கும் அது பதில் சொல்லும். எண் இறங்கினால் உண்மையாகவே அணைந்து எழுந்ததா என்று புது சாஃப்ட்வேரும் இதை வைத்துத்தான் உறுதி செய்துகொள்கிறது. நான் சேவுகம்பட்டி ரூட்டருக்கு மட்டும் அந்தப் பதிலைத் தனியாக எடுத்துத் திரையின் மூலையில் வைத்துக்கொண்டேன். காலை ஒன்பதரைக்கு நான் வரும்போது, "மூணரை மணி நேரம் முன்னால எழுந்தேன்" என்கிற மாதிரி ஒரு பதில் இருக்கும். மலையைவிட இது எனக்குப் பிடித்துப்போனது. எத்தனை மணிக்கு எழுந்தார் என்பதே தெரிந்துவிடுகிறதே.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு மார்கழிக் காலையில் மூலையைப் பார்த்தேன். எழுந்து ஒரு நாளைக்கு மேல் ஆகிறது என்றது.

முதலில் புரியவில்லை. மறுபடி கேட்கச் சொன்னேன். அதே பதில். முந்தின நாள் காலையில் எழுந்தது, அதன்பின் அணையவே இல்லை. ராத்திரி யாரும் பிளக்கைப் பிடுங்கவில்லை. கோடு பாட்டுக்கு அழகாக ஓடிக்கொண்டிருந்தது, பின் வீட்டுப் பிள்ளைகளின் பொம்மைப் படம். லைனுக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு. சாஃப்ட்வேரைக் கேட்டால் அந்த லைன் இவ்வளவு நன்றாக இருந்ததே இல்லை என்று சொல்லும்.

என் அப்பா பிளக்கைப் பிடுங்காமல் படுத்ததாக எனக்கு நினைவு தெரிந்து ஒரு ராத்திரி இல்லை. அம்மா செத்த அன்றுகூட எல்லோரும் அழுதுகொண்டிருக்கும்போது எழுந்து போய் டிவி பிளக்கைப் பிடுங்கிவிட்டு வந்து உட்கார்ந்தவர் அவர்.

லைன்மேன் அண்ணனுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. எங்கோ போஸ்டில் ஏறியிருப்பார். முதலாளியிடம் வயிற்று வலி என்று சொல்லிவிட்டுச் சால்வையோடு ஓடினேன். வத்தலக்குண்டு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ட சாமியையெல்லாம் கும்பிட்டேன். கோபம்கூட வந்தது, அவர் மேல். இப்படியா போவது, ஒரு வார்த்தை சொல்லாமல்? வத்தலக்குண்டில் இறங்கி டவுன் பஸ் மாறினேன். சாவுச் சேதியை யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்றுவரை யோசித்துவிட்டேன்.

பஸ் ஊருக்குள் நுழைந்து நின்றது. நிறுத்தத்துக்கு எதிரே உரக்கடை. அதன் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு என் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தலையில் துண்டு கட்டியிருந்தார். முன்பைவிட மெலிந்திருந்தார், மற்றபடி கல்லுக்குண்டு மாதிரி இருந்தார். பக்கத்தில் ஒருவர் ஏதோ சொல்ல, பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் சிரித்தார்.

இறங்கப் போனவள் இறங்கவில்லை. "இங்கன எறங்கலையா?" என்று கண்டக்டர் கேட்டார். "அடுத்த ஸ்டாப்" என்றேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, புளியமரத்தடியில் நின்று நன்றாக அழுது தீர்த்துவிட்டு, எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸில் ஏறித் திண்டுக்கல் வந்து சேர்ந்தேன். மத்தியானம் வேலையும் பார்த்தேன்.

மறுநாளும் அவர் அணைக்கவில்லை. அதற்கு மறுநாளும். வாரக்கணக்கில் அந்த ரூட்டர் அணையவே இல்லை. மூலையில் இருந்த பதில் பெரிதாகிக்கொண்டே போயிற்று. அப்பாவைப் பற்றி எனக்குத் தெரிந்திருந்த ஒரே சங்கதியும் நின்றுபோயிற்று. ஏன் என்று எனக்குப் பிடிபடவில்லை. வயதாகிவிட்டது, மறந்துபோகிறார் என்று நினைத்தேன். அது இன்னும் பயமாக இருந்தது.

என் நம்பரிலிருந்து கூப்பிட மனசு வரவில்லை. ஒரு நாள் கம்பெனி நம்பரிலிருந்து கூப்பிட்டேன். கஸ்டமர்களை அப்படிக் கூப்பிட்டு விசாரிப்பது உண்டு, வழக்கத்துக்கு மாறாக ஒன்றும் இல்லை.

"வணக்கம் சார், இன்டர்நெட் கம்பெனியிலேர்ந்து பேசுறோம். கனெக்ஷன் நல்லா இருக்கா சார்?"

வைத்துவிட்டாரோ என்று நினைத்தேன். மூச்சு விடுவது மட்டும் கேட்டது. என் குரல் அவருக்குத் தெரியாமல் இருக்குமா? பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நல்லா இருக்குங்கம்மா."

எனக்கு 'ங்க' போட்டார். என் அப்பா.

"ராத்திரியில ரூட்டரை அணைக்கிறீங்களா சார்?"

"இல்லீங்க. இப்பல்லாம் அணைக்கிறதில்ல."

"அணைக்கலாம் சார். ராத்திரி பிளக்கைப் புடுங்கிப் போடுறது மெஷினுக்கு நல்லதுதான்."

"வேணாங்க. அது பாட்டுக்கு ஓடட்டும். ஒங்களுக்கு எதுக்குச் செரமம்?"

"எங்களுக்குச் சிரமம் இல்ல சார். அணைங்க."

"பரவால்லம்மா. ஓடட்டும்" என்றார். பிடிவாதத்தில் மாறவே இல்லை. "வேற ஒண்ணுமில்லையே?" என்று அவரே கேட்டார். "ஒண்ணுமில்ல சார். உங்களுக்கு எல்லாம் நல்லா இருக்குல்ல?" என்றேன். "எல்லாம் நல்லா இருக்கு" என்றார். வைத்துவிட்டோம்.

அதன்பின் அது ஒரு வழக்கமாகிவிட்டது. வாரத்துக்கு ஒரு தடவை, சில சமயம் இரண்டு தடவை. நான் கனெக்ஷன் எப்படி என்று கேட்பேன், அவர் நல்லா இருக்கு என்பார். முதல் மணியிலேயே எடுத்துவிடுவார். ஒரு தடவை எனக்கு ஜலதோஷம் பிடித்திருந்தது. "மெஷின் இருக்குற எடத்துல குளுரு சாஸ்தியா இருக்குமோ?" என்று கேட்டார். "ஆமா சார்" என்றேன். "சுக்குத் தட்டிப் போட்டுக் குடிங்க" என்றார். போனை வைத்துவிட்டு பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அடுத்த தடவை 'அப்பா' என்று கூப்பிட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். அடுத்த தடவையும் 'சார்' என்றுதான் வந்தது. அவர் கூப்பிடட்டும், அவர்தானே வாசலில் கால் வைக்காதே என்றவர் என்று ஒரு பக்கம் வீம்பு. அவரும் அங்கே அதையேதான் பிடித்துக்கொண்டிருந்திருப்பார். 'இவளே சொல்லட்டும்' என்று.

மல்லிகை மறுபடி பூக்க ஆரம்பித்திருந்த சமயம். அன்று காலையில் வழக்கம்போல அந்த லைனைத் திறந்தேன். பச்சை விளக்கு. பள்ளிக்கூடம் லீவு, பிள்ளைகள் விடிந்ததிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார்கள் போல, கோடு நன்றாக மேலே ஏறியிருந்தது. முந்தாநாள்தான் பேசியிருந்தேன். நிம்மதியாக மூடிவிட்டு டீ வாங்கிவரப் போனேன். நிம்மதியாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. டீக்கடையில் நிற்கும்போது என் அத்தை, அப்பாவின் தங்கை, கூப்பிட்டாள். அத்தனை வருஷத்தில் அவள் எனக்குப் போன் செய்ததே இல்லை. பெயரைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

தூக்கத்திலேயே போயிருக்கிறார். பூப்பறிக்க வந்தவர்கள் வெகுநேரம் கதவைத் தட்டிவிட்டுப் பின் வீட்டாரைக் கூப்பிட்டு உடைத்துத் திறந்திருக்கிறார்கள். ராத்திரியே உயிர் போய்விட்டது என்று டாக்டர் சொன்னாராம்.

அதன்பிறகு நடந்ததெல்லாம் எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். அந்த வாசலில் கால் வைத்தேன், தடுக்க ஆள் இல்லை. சாயங்காலம் எடுத்துக்கொண்டு போனார்கள். பெண்கள் தெருமுனையோடு திரும்பினோம். குளித்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தபோது லைன்மேன் அண்ணன் வந்தார். பந்தலுக்குள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டே வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றுதான்.

"ஏம்மா, கோவிச்சுக்கிடாத. ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தார். "மார்கழியில ஒயர் மாத்த வந்தப்ப, உங்கப்பாகிட்ட நாந்தான் வெளையாட்டா சொல்லிட்டேன். 'ஐயா, நீங்க பாட்டுக்கு ராத்திரி பிளக்கைப் புடுங்கிப் போட்டுர்றீக. அங்கன உங்க மக காலையில உக்காந்து உங்க லைனையே பாத்துக்கிட்டு முழிக்குது. இருக்குற அம்புட்டு லைன்லயும் உங்க லைன்தான் அதுக்குத் தலைவலி'ன்னு."

"அவர் என்ன சொன்னாரு?"

"செத்த நேரம் அந்த டப்பாவையே பாத்துக்கிட்டு நின்னாரு. அப்புறம், 'அணைக்காம விட்டா அந்தப் புள்ளைக்கு வேலை கொறையுமா?'ன்னாரு. ஆமாம்னேன். சரின்னாரு. அம்புட்டுத்தாம்மா."

எழுந்து வீட்டுக்குள் போனேன். டிவி பிளக் பிடுங்கிக் கிடந்தது. மிக்ஸி பிளக், சார்ஜர், இஸ்திரிப் பெட்டி எல்லாம் பிடுங்கிக் கிடந்தன. முந்தின ராத்திரி படுக்கப் போகும் முன் ஒவ்வொன்றாகப் பிடுங்கியிருக்கிறார். சுவரோரம் ரூட்டரின் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் சுவரில் ஆணி அடித்து, ஒயர் மேல் யார் காலும் படாதபடி கட்டி வைத்திருந்தார். என் வேலையைக் குறைத்திருக்கிறார். ராத்திரி கரண்டை நம்பாத மனுஷன் எனக்காக அந்த ஒன்றை மட்டும் நம்பியிருக்கிறார். அவர் எப்போதும்போல அதையும் பிடுங்கியிருந்தால், காலையில் அது எழவில்லை என்று திரையைத் திறந்ததுமே எனக்குத் தெரிந்திருக்கும். அத்தை கூப்பிடும் முன்பே நான் பஸ்ஸில் இருந்திருப்பேன். அங்கேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். அவர் மேலும் என் மேலும் வந்த கோபத்தில் அழுகைகூட வரவில்லை.

அத்தை வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கூடவே இரண்டு மூன்று பெண்கள் வந்து நின்றார்கள். தகப்பனும் மகளும் பேசாமலே போய்விட்டது என்று ஊரில் எல்லோரும் அன்று முழுக்கப் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள், என் காதிலும் விழுந்தது.

"அண்ணன்கூடக் கடேசி வரைக்கும் பேசவே இல்லையாடி நீயி?" என்று அத்தை கேட்டாள்.

"பேசினேன் அத்தை. முந்தாநாத்துகூடப் பேசினேன்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நின்றிருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அப்பாடி. பேசிட்டான்ல. என்ன சொன்னான்?"

"எல்லாம் நல்லா இருக்குன்னு சொன்னாரு."

"மகராசன். மக கூடப் பேசிட்டுத்தான் போயிருக்கான்" என்று அத்தை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். அவர்களுக்கு ஆறுதலாகிவிட்டது. ஒருத்தி எனக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். நான் அவரை என்னவென்று கூப்பிட்டுப் பேசினேன் என்று யாரும் கேட்கவில்லை.